பூட்டிய சாலையைத் திறந்துவிடுங்கள்: வீடியோ விளையாட்டு நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ விளையாட்டுகளை உருவாக்குவோருக்கும் வெளியிடுவோருக்கும்,

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன்.

என் மேசை லாச்சியில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து புரட்டினால் எட்டாம் தர வரலாற்றுக் குறிப்புகள். பதினைந்து பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து திறந்தால் சீட் கோட்கள்: தட்டினால் வீடியோ விளையாட்டின் விதியை நமக்காக வளைத்துத் தரும் இரகசியச் சொற்கள். நீலப் பேனையில், பெரிய ஆங்கில எழுத்துகளில், ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பக்கம். சில, வகுப்புத் தோழன் சொல்லச் சொல்ல எழுதியவை. சில, காலி வீதியோர இணையக் கடையில் அரை மணி நேரத்துக்குக் காசு கட்டித் திரையைப் பார்த்துப் படியெடுத்தவை. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் வேலை செய்யாது என்பதால், வரலாற்றுக் குறிப்பைவிட இந்தப் பக்கங்களில் என் கையெழுத்து அழகாக இருக்கிறது. இரண்டு கோட்களுக்கு மட்டும் சிவப்பு மையால் அடிக்கோடு இட்டிருக்கிறேன். அவை அப்பாவுக்கு உரியவை.

என் அப்பா லொறிச் சாரதி. 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடத் தொடங்கினார். போகும்போது மாவும் சீனியும், வரும்போது வெங்காயமும் வாழைக்குலையும். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒருமுறை, முகமாலைச் சாவடியில் ஒருமுறை சாமான் முழுவதையும் இறக்கிக் காட்டி மறுபடி ஏற்ற வேண்டும். அப்படியிருந்தும் அந்த வீதியைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் மலரும். 2006 ஆகஸ்டில் வீதி மூடப்பட்டது. அதன்பின் அவருடைய ஓட்டம் புறக்கோட்டைச் சந்தைக்குள் சுருங்கிப்போனது. 2008இல் பாரிசவாதம் வந்து வலது கையையும் காலையும் பிடித்துக்கொண்டது. நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. ஐம்பத்து மூன்று வயதில், நாடு முழுக்க ஓடிய மனிதர் முன்னறைக்குள் அடைபட்டார்.

அந்த முன்னறையில்தான் என் கணினியும் இருந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் அன்ட்ரியாஸ்’ விளையாடிக்கொண்டிருந்தேன். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் வாங்கிய பிரதி டிஸ்க் அது. அதை நான் மறைக்கவில்லை. அசல் டிஸ்க் வாங்கும் வழியும் எங்களுக்கு இருக்கவில்லை, பணமும் இருக்கவில்லை. பின்னாளில் சம்பாதிக்கத் தொடங்கியதும் அதே விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கினேன். அன்று அப்பா வழக்கம்போல் சாய்மனைக் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு நீண்ட லொறியை எடுத்து நகரத்தை விட்டு வெளியேறி, வயல்களுக்கு நடுவே போகும் வீதியில் திருப்பியபோது எழுந்து உட்கார்ந்தார். “இந்த வீதி எதுவரை போகும்?” என்று கேட்டார். மூன்று நகரங்கள், நடுவே மலை, அப்பால் பாலைவனம் என்று சொன்னேன். கதையில் பெரும்பகுதியை முடித்து எல்லா வழிகளையும் திறந்து வைத்திருந்தேன். “வழியில் மறிக்க மாட்டார்களா?” என்று கேட்டார். மறிக்க மாட்டார்கள் என்றேன். கதிரையை மேசையருகே இழுத்துத் தரச் சொன்னார்.

வாகனம் ஓட்ட டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகள் போதும். இடக்கை ஒன்றே அதைச் செய்யும். ஆனால் அந்த விளையாட்டின் வாகனங்கள் வீதியின் வலப்பக்கம் ஓடுபவை. அப்பா முப்பது ஆண்டுப் பழக்கத்தில் இடப்பக்கமே பிடித்தார். எதிரே வருபவை எல்லாம் நேராக வந்து மோதின. முதல் பத்து நிமிடத்தில் பொலிஸ் காரொன்றில் இடித்தார், திரையின் மூலையில் ஒரு நட்சத்திரம் எரிந்தது, துரத்த வந்துவிட்டார்கள். தப்பியோடவோ சண்டை பிடிக்கவோ சுட்டியைப் பிடித்துக் குறிபார்க்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை மடியில் அசையாமல் கிடந்தது. லொறி எரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார்.

அப்போதுதான் கொப்பியை எடுத்தேன். ஏ, ஈ, இசட், ஏ, கே, எம், ஐ. ‘ஏசக்மி’ என்று ஒரே மூச்சில் சொல்லுவோம். தட்டும் எழுத்துகள் எதுவும் திரையில் தெரியாது. ‘ஏ’ விசை இடப்பக்கம் திருப்பும் விசையும் என்பதால் லொறி மட்டும் சொல்லைத் தட்டும்போது இரண்டு தடவை தலையை ஆட்டும். சரியாகத் தட்டிவிட்டால் இடது மேல்மூலையில் ஒரு சிறிய வரி வரும். அதன்பிறகு எந்தப் பொலிஸும் துரத்தாது. இரண்டாவது கோட் ‘ஹெசோயாம்’. உயிரும் கவசமும் நிரம்பும், 250,000 டொலர் கிடைக்கும், ஏறியிருக்கும் வாகனத்தின் நசுங்கலெல்லாம் சரியாகிவிடும். அப்பாவுக்கு அந்தப் பணம் தேவைப்படவில்லை. வாகனம் புதிதாவதுதான் வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து பல மாதங்கள், பிற்பகல் இரண்டு மணிக்குச் சாப்பாடு முடிந்ததும் அவர் ‘ஓட்டத்துக்கு’ப் புறப்படுவார். யாரையும் சுட்டதில்லை, எந்தப் பணியையும் முடித்ததில்லை. ஒரு நகரத்தில் தொடங்கி மற்ற நகரத்தில் லொறியை ஒழுங்காக நிறுத்துவார். இரண்டு மாதத்தில் அந்த மூன்று நகரங்களுக்கு இடையிலான வழிகளை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த நாட்களில் நான் கீழே கடைக்குப் போவதென்றாலும் அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் படியிறங்குவேன். மேலே, முன்னறையில், அப்பாவை மறிப்பதற்கு ஒருவரும் இல்லை.

இதற்கு நீங்கள் ‘சீட்’, அதாவது ஏமாற்று, என்று பெயரிட்டீர்கள். இந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு. எங்கள் ஊர்த் தமிழில் விளையாட்டில் கள்ளம் செய்வதற்கு ‘அளாப்புதல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அளாப்ப வேண்டுமென்றால் எதிரே ஓர் ஆள் வேண்டும். அவனுக்குத் தெரியாமல் கோட்டைத் தாண்ட வேண்டும், அவுட் ஆகிவிட்டு இல்லையென்று சாதிக்க வேண்டும். தனியாக ஓர் அறையில் இயந்திரத்தோடு விளையாடும் மனிதர் யாரை அளாப்புகிறார்? அதற்கு நெருக்கமான வேறொரு வழக்கம் எங்களிடம் இருக்கிறது. கிளித்தட்டு விளையாடும்போது ஐந்து வயதுத் தங்கை தானும் வருவேனென்று அழுவாள். அவளையும் சேர்த்துக்கொள்வோம், அவளுக்கு மட்டும் அவுட் இல்லை என்று முதலிலேயே எல்லோரும் பேசிக்கொள்வோம். அவள் தட்டுத் தட்டாக ஓடிச் சிரித்துக்கொண்டே உப்புக் கொண்டு வருவாள். யாருக்கும் அதனால் நட்டமில்லை. அவளும் சேர்ந்ததால் ஆட்டம் ஆட்டமாக இருந்தது. சீட் கோட் என்பது உருவாக்கியவர் விளையாடுபவருக்குக் கொடுத்த அந்தச் சலுகை. அதை முதலில் கொடுத்தவர்கள் நீங்களேதான்.

எப்படித் தொடங்கியதென்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் நினைவூட்டுகிறேன். 1980களின் நடுவில் கொனாமி நிறுவனத்தில் காசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் ‘கிரேடியஸ்’ விளையாட்டை வீட்டு இயந்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க முழுவதையும் விளையாட வேண்டும். அவருக்கே அது மிகக் கடினமாக இருந்தது. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் எல்லா ஆயுதமும் கிடைக்கும்படி தனக்காக ஒரு வழி வைத்துக்கொண்டார். 1986இல் விளையாட்டு வெளிவந்தபோது அந்த வழியும் அகற்றப்படாமல் உள்ளேயே இருந்தது. பின்னர் ‘கொன்ட்ரா’வில் அதே வரிசை முப்பது உயிர்களைத் தந்தது. 2020 பெப்ரவரியில் அவர் காலமானபோது உலகம் முழுக்க மக்கள் அந்தப் பத்து அழுத்தல்களையும் எழுதி அஞ்சலி செலுத்தினார்கள். ஒரு மென்பொருளாளருக்கு அப்படியோர் அஞ்சலி கிடைப்பது அரிது. தனக்குக் கடினமாக இருந்தது மற்றவருக்கும் கடினமாகத்தான் இருக்கும் என்று நினைவூட்டும் ஒரு கதவு அது. அதனால்தான் மக்கள் அவரை நேசித்தார்கள்.

பிறகு வந்தவர்கள் மறந்துபோய் விட்டுவைக்கவில்லை, விரும்பியே வைத்தார்கள். 1993இல் ‘டூம்’ வந்தது. ஐ-டி-டி-கியூ-டி என்று தட்டினால் எந்தக் குண்டும் தைக்காது. 1999இல் வந்த ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’இல் ‘ஹவ் டூ யூ டர்ன் திஸ் ஒன்’ என்று தட்டினால், வாளும் வேலும் ஏந்திய படைகளுக்கு நடுவே ஒரு நவீன கார் வந்து நிற்கும். தமிழ் மொழிமூலம் படித்த எங்களில் பலர் பிழையில்லாமல் தட்டிய முதல் முழு ஆங்கில வாக்கியம் அதுதான். அந்தக் காரை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார், அதற்குச் சத்தம் சேர்த்திருக்கிறார், விலையில் ஒரு சதம்கூடக் கூட்டாமல். தனக்குத் தெரியாத ஒரு பிள்ளை எங்கோ ஓர் அறையில் கைதட்டிச் சிரிக்கட்டும் என்று செய்த வேலை. அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன். நன்றி சொல்ல இப்போதுதான் வாய்ப்புக் கிடைத்தது.

நீங்கள் கொடுக்காத இடத்தில் கருவிகள் வந்தன. அவை செய்தது நுட்பமான, எளிமையான வேலை. 1990இல் வந்த ‘கேம் ஜீனி’யை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பேழைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே அதைச் செருக வேண்டும். இந்த ஆட்டக்காரருக்கு எத்தனை உயிர் என்று இயந்திரம் பேழையைக் கேட்கும். பேழை மூன்று என்று சொல்ல வரும். நடுவில் இருக்கும் ஜீனி அதை மறித்து ஒன்பது என்று சொல்லிவிடும். பேழைக்குள் எதுவும் மாறுவதில்லை. ஜீனியைக் கழற்றினால் எல்லாம் பழையபடி. இதற்காக நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவில் வழக்காடியது. 1991இல் நீதிமன்றம் ஜீனியை விற்ற கலூப் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வழக்கு நடந்த காலத்தில் விற்பனை தடைப்பட்டதற்காகக் கலூப் நிறுவனத்துக்கு 15 மில்லியன் டொலர் கிடைத்தது. உரிய விலை கொடுத்து வாங்கியவர் தன் சொந்த மகிழ்ச்சிக்காக அதை வேறுவிதமாக விளையாடிப் பார்ப்பது உரிமை மீறல் ஆகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இதே கேள்விக்கு முப்பது ஆண்டு கழித்து ஐரோப்பாவிலும் விடை வந்தது. ‘அக்‌ஷன் ரீப்ளே’ என்ற அதே வகைக் கருவியைச் செய்த டேட்டல் நிறுவனத்துக்கு எதிராக சோனி தொடுத்த வழக்கில், விளையாட்டு ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் எண்களை மட்டும் மாற்றுவது மென்பொருள் பதிப்புரிமையை மீறாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 ஒக்டோபர் 17 அன்று சொன்னது.

ஆக, நீதிமன்றங்களில் விளையாடுபவர் வென்றார். வீட்டில்தான் தோற்றார். முதல் பிளேஸ்டேஷனின் பின்புறத்தில் ஒரு சிறிய மூடி இருக்கும். அதைக் கழற்றினால் தெரியும் துவாரத்தில் ‘கேம்ஷார்க்’ என்ற இதே வகைக் கருவியைச் செருகலாம். பின்னால் வந்த மாதிரிகளில் அந்தத் துவாரமே இல்லை. இன்றைய இயந்திரங்களில் உள்ளே போகும் ஒவ்வொரு வரிக்கும் பூட்டும் முத்திரையும் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு புதுப்பிப்பு வந்து திறந்திருக்கும் இடுக்கையும் அடைத்துவிடுகிறது.

எங்கள் ஒழுங்கையில் மணிக்கணக்குக்குப் பிளேஸ்டேஷன் 2 வாடகைக்கு விடும் ஓர் அண்ணா இருந்தார். நான்கு பழைய தொலைக்காட்சிகள், பிளாஸ்ரிக் ஸ்டூல்கள், மேலே ஒரு மின்விசிறி. பெட்டிக்கடைக்குப் பின்னால் இருந்த அறை. அவரிடம் அக்‌ஷன் ரீப்ளே டிஸ்க் ஒன்று இருந்தது. சின்னப் பிள்ளைகள் ஒரே கட்டத்தில் சிக்கி அழும் நிலைக்கு வந்துவிட்டால் வருவார். அந்த டிஸ்கைப் போடுவார். பட்டியலில் இறங்கி வேண்டியதற்கு நேரே குறியிடுவார். பிறகு டிஸ்கை எடுத்துவிட்டு விளையாட்டின் டிஸ்கைப் போடுவார். முழுவதும் இரண்டு நிமிட வேலை. “இந்த முறை மட்டும்” என்று சொல்லிவிட்டுப் போவார். மணிக்குக் காசு வாங்கிய அவர் அந்த இரண்டு நிமிடத்துக்குத் தனிக் காசு ஒருநாளும் வாங்கியதில்லை.

கோட்கள் ஏன் குறைந்தன என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணங்களை நான் அறிவேன். சிலவற்றை ஏற்கிறேன். சோதனைக் கருவிகள் இப்போது தனியாக இருக்கின்றன, விற்பனைக்கு வரும் பிரதியில் அவற்றை விட்டுவைக்கத் தேவையில்லை. 2005இல் எக்ஸ்பொக்ஸ் 360உடன் சாதனைப் புள்ளிகள் வந்தன, 2008இல் பிளேஸ்டேஷனில் கோப்பைகள் வந்தன. கோட் போட்டு வாங்கிய கோப்பைக்கு மதிப்பில்லை என்பது நியாயம். பல பேர் சேர்ந்து ஆடும் இணையக் களத்தில் ஒருவன் சுவரை ஊடுருவிப் பார்த்துச் சுட்டால் மற்றவர்களின் மாலைப்பொழுது கெட்டுவிடும். அது அளாப்புதலேதான். அங்கே நீங்கள் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் உங்கள் பக்கம் நிற்பேன்.

நான் ஏற்காதது ஒன்று. வாசலில் நின்று இலவசமாகக் கொடுத்ததை உள்ளே எடுத்துப்போய் விலைச்சீட்டு ஒட்டிக் கொண்டுவந்து வைத்தீர்கள். 2006இல் ‘ஒப்லிவியன்’ விளையாட்டில் குதிரைக்குக் கவசம் 2.50 டொலருக்கு வந்தபோது ஊரே பரிகசித்தது. 2013இல் ‘டெட் ஸ்பேஸ் 3’இல் ஆயுதம் செய்வதற்கான மூலப்பொருளைப் பணத்துக்கு விற்றார்கள். 2018இல் ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’யில் அனுபவப் புள்ளிகள் வேகமாக ஏறும் வசதி தனி விலைக்கு வந்தது, ஒருவர் தனியாக விளையாடும், முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டு அது. சான் அன்ட்ரியாஸில் ஒரு சொல்லுக்கு 250,000 கிடைத்தது. அதே தொடரில் 2013இல் வந்த ஐந்தாவது விளையாட்டின் கதைப்பகுதியில் கோட்கள் இருக்கின்றன, பணம் தரும் கோட் மட்டும் இல்லை. அதன் இணையப் பகுதியில் விளையாட்டுப் பணத்தை உண்மைப் பணத்துக்கு வாங்கலாம். இந்த வசதிகளுக்கு ‘நேரத்தை மிச்சப்படுத்துதல்’ என்று பெயர் வைத்தார்கள். விளையாட்டில் இருந்து நேரத்தை மிச்சப்படுத்தக் காசு வாங்குபவர், அந்த நேரத்தை முதலில் அங்கே நீட்டிப் போட்டவரும்தான். முன்பு கோட் வைத்தவருக்கு ஆட்டத்தைச் சலிப்பாக்குவதால் எந்த இலாபமும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

2022 ஜனவரியில் அப்பாவுக்கு ஒரு புதிய வாகன விளையாட்டை வாங்கினேன். அதன் பெயரை எழுதவில்லை. படங்களில் பார்த்தபோது சாலைகள் உயிரோடிருப்பதுபோல் இருந்தன. மழை பெய்தால் தார் மினுங்கியது. அப்பாவை உட்கார வைத்தேன். முதலில் மூன்று பந்தயங்களில் வென்றால்தான் நகரத்தின் மற்றச் சாலைகள் திறக்கும் என்றது. இடக்கையால் மட்டும் ஓட்டும் அறுபத்தேழு வயதுக்காரர் முதலாவதிலேயே கடைசி. நான் ஓட்டி மூன்றையும் வென்று கொடுத்தேன். அடுத்து இன்னொரு பகுதி, இன்னும் ஐந்து பந்தயம். கோட் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. எல்லாச் சாலைகளையும் எல்லா வாகனங்களையும் ஒரேயடியாகத் திறக்கும் பொதியொன்று 15 டொலருக்கு இருந்தது. அன்றைக்கு 3000 ரூபா. யோசித்து அடுத்த மாதம் வாங்கலாமென்று விட்டேன். மார்ச்சில் ரூபா சரிந்தது; மே மாதம் அதே பொதி எங்களுக்கு 5400 ரூபா. எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவே கூச்சமாக இருந்தது.

இன்னொன்றையும் அந்த மார்ச்சில்தான் கண்டுகொண்டேன். மாத இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. மடிக்கணினியில் மின்கலம் இருந்தது. ஆனால் மின்சாரம் போய்ச் சற்று நேரத்தில் இணைய இணைப்பும் தளர்ந்துவிடும். அந்த விளையாட்டோ ஒருவர் தனியாக ஓட்டுவதற்குக்கூட எங்கோ இருக்கும் வழங்கியிடம் அனுமதி கேட்டது. அனுமதி வரவில்லை. இருட்டில் திரை மட்டும் வெளிச்சமாக, நடுவில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. அப்பா சிறிது நேரம் அதையே பார்த்தார். பிறகு, “இங்கேயும் மறித்துவிட்டார்கள்” என்றார். நான் பழைய சான் அன்ட்ரியாஸைத் திறந்து ‘ஏசக்மி’ என்று தட்டிக் கொடுத்தேன். மின்கலம் இறங்கும் வரை ஓட்டினார்.

உருவாக்கியவர் நினைத்த விதத்தில் விளையாடினால்தான் ஒரு படைப்பின் முழுச் சுவையும் தெரியும் என்று உங்களில் சிலர் உண்மையான அக்கறையோடு சொல்கிறீர்கள். கடினமான ஒரு கட்டத்தை வெல்லும் இன்பம் எனக்கும் தெரியும்; அந்த இன்பத்துக்காகக் கொப்பியை மூடி வைத்த இரவுகள் உண்டு. ஆனால் எங்கள் ஊர்க் கூத்தை நினைத்துப் பாருங்கள். விடிய விடிய நடக்கும். அரசன் வரவுக்கு எழுப்பச் சொல்லிவிட்டுப் பாயில் உறங்கும் பிள்ளைகள் ஒரு பக்கம்; ஒரு பாட்டுக்காக மட்டும் வந்துவிட்டுப் போகும் கிழவர்கள் ஒரு பக்கம். அதற்காக எந்த அண்ணாவியாரும் ஒருவரையும் பாயிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பியதில்லை.

நல்லது நடந்திருப்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் வந்த ‘செலஸ்டே’ மிகக் கடினமான விளையாட்டு. ஆனால் அதில் வேகத்தைக் குறைக்கலாம், களைப்பு வராமல் செய்யலாம், சாகாமல் போகலாம், எல்லாம் ஒரே பட்டியலில், இலவசமாக. 2020இல் ‘ஹேடிஸ்’ இன்னும் நயமாகச் செய்தது: அதன் கடவுள் நிலையைத் தெரிவுசெய்தால் அடியின் வலி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு முறை சாகும்போதும் மேலும் 2 சதவீதம் குறையும். அதே ஆண்டில் ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ இரண்டாம் பாகம் கண் தெரியாதவர்களும் கை இயலாதவர்களும் விளையாட 60க்கும் மேற்பட்ட அமைப்புகளோடு வந்தது. ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’இன் புதிய பதிப்பில் அந்தக் கார் இன்னமும் வருகிறது. ‘சிம்ஸ்’ தொடரில் ஒரு சொல்லுக்கு 50,000 கிடைக்கும் வழக்கம் இன்னமும் மாறவில்லை. செய்தவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். அவற்றால் யாருடைய வியாபாரமும் படுத்துவிடவில்லை.

ஆனால் கடினத்தைக் குறைக்கும் பட்டியலால் மட்டும் அப்பாவின் பிரச்சினை தீராது. அவருக்குப் பந்தயம் இலகுவாக வேண்டியதில்லை, பந்தயமே வேண்டாம். சாலை வேண்டும். விளையாட்டின் நோக்கத்தையே ஒருவர் தன் நோக்கமாக மாற்றிக்கொள்ள விடுவதுதான் பழைய கோட்களின் பெருமை. லொறிச் சாரதி ஒருவர் உங்கள் குற்றக் கதையை எடுத்து அதில் வெங்காயம் ஏற்றிப் போகலாம் என்று நீங்கள் திட்டமிட்டிருக்க முடியாது. திட்டமிடத் தேவையும் இல்லை. கதவைத் திறந்து வைத்தால் போதும்.

நான் கேட்பது இதைத்தான். ஒருவர் தனியாக விளையாடும் பகுதியில், வாங்கிய எல்லாவற்றையும் முதல் நாளே திறந்துகொள்ள ஒரு கோட் வையுங்கள். அதைப் போட்டவருக்குக் கோப்பை கொடுக்காதீர்கள், சேமித்த கோப்பில் ஓர் அடையாளம் இடுங்கள், அதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. காசுக்கு விற்கும் குறுக்குவழி எதுவோ, அதற்கு இணையான கோட் ஒன்று உள்ளே இருக்கட்டும். அவசரம் உள்ளவர் வாங்கட்டும், வசதி இல்லாதவர் தட்டட்டும். தனியாக விளையாடுபவரிடம் இணைய அனுமதி கேட்காதீர்கள். இன்று ஒரு பெரிய விளையாட்டின் விலை 70 டொலர். எங்கள் கணக்கில் இருபதாயிரம் ரூபாவைத் தாண்டும். அவ்வளவு கொடுத்து வாங்கிய வீட்டுக்குள் ஒவ்வோர் அறைக்கும் மறுபடி வாடகை கேட்பது உங்களுக்கே நன்றாக இருக்கிறதா?

கொழும்பில் இப்போது விளையாட்டு உருவாக்கப் பழகும் தம்பி தங்கைமாருக்கும் ஒரு சொல். சோதிப்பதற்காக நீங்கள் ஏற்கெனவே உங்களுக்குள் சாவிகள் வைத்திருப்பீர்கள்: அடுத்த கட்டத்துக்குத் தாவ ஒன்று, சாகாமல் இருக்க ஒன்று. வெளியிடும் நாளில் அவற்றை அழித்துவிடாதீர்கள். தமிழ்ச் சொல்லாகவே வைத்துவிடுங்கள். ஒரு பிள்ளை கொப்பியில் எழுதி வைக்கும்.

அப்பாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பழைய கணினி போய்விட்டது, விளையாட்டைப் புதியதற்கு மாற்றியிருக்கிறேன். இடக்கை விரல்களும் முன்புபோல் இல்லை. ஆகவே கோட் தட்டும் வேலையை என் எட்டு வயது மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். கொப்பியைப் பார்ப்பதில்லை, மனப்பாடம். லொறி இரண்டு தடவை தலையாட்டுவதைப் பார்க்க அவளுக்கு ஒவ்வொரு நாளும் ஆசை. போன வாரம் அந்த மற்ற விளையாட்டை, மழையில் தார் மினுங்கும் அதை, தானே திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். அப்பப்பா கடலோரச் சாலையில் போக வேண்டுமாம், கோட் என்ன என்று கேட்டாள். விசைப்பலகையில் விரல்களை வைத்தபடி காத்திருந்தாள். அந்தச் சொல் என்னிடம் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது, தாருங்கள்.

அன்புடன்,
ஒரு லொறிச் சாரதியின் மகன்
வெள்ளவத்தை, கொழும்பு 6